சாலைத் தட ஒழுங்கும் பொதுச் செல்வமும்

(பயிற்சி அலுவலர்களுக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சாலையை அகலப்படுத்தினால் போக்குவரத்து நெரிசல் தீர்ந்துவிடும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இது பாதி உண்மையே. அகலப்படுத்திய சாலை எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பது மறு பாதி. இரண்டு தடங்கள் கொண்ட சாலையை நான்கு தடங்களாக மாற்ற நிலமும், கல்லும், தாரும், கோடிக்கணக்கில் பணமும் தேவைப்படுகின்றன. அவ்வாறு அமைந்த நான்கு தடங்களும் உண்மையிலேயே நான்கு தடங்களாக இயங்குவதற்கு வேண்டுவது ஒழுங்கு. அது இல்லாதபோது, அரசு முதலீடு செய்த மூலதனத்தின் ஒரு பகுதி பயன்தராமல் சாலையிலேயே முடங்கிக் கிடக்கிறது.

இந்தியாவின் சாலைகளின் மொத்த நீளம் சுமார் 63 லட்சம் கிலோமீட்டர். இதில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு நூற்றுக்கு இரண்டு பங்கைச் சற்றே தாண்டும். எனினும் நாட்டின் சாலைப் போக்குவரத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இவையே தாங்குகின்றன. 2014ஆம் ஆண்டில் 91,287 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம், பத்தாண்டுகளுக்குள் 1,46,000 கிலோமீட்டரைக் கடந்தது. நான்கும் அதற்கு மேற்பட்ட தடங்களும் கொண்ட நெடுஞ்சாலைகளின் நீளம் இதைவிட வேகமாகப் பெருகி, இருமடங்குக்கும் அதிகமாயிற்று. சாலைகள் மாறிய வேகத்தில் சாலைப் பழக்கங்கள் மாறவில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அகலமும் கொள்ளளவும்

போக்குவரத்தை அளக்கப் பொறியாளர்கள் 'கார் அலகு' என்னும் அளவையைக் கையாளுகின்றனர். இந்திய சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, ஊர்ப்புறச் சாலையில் ஒரு கார் ஓர் அலகு. மோட்டார் சைக்கிள் அரை அலகு. லாரியும் பேருந்தும் மூன்று அலகுகள். மாட்டு வண்டி எட்டு அலகுகள். மாட்டு வண்டி லாரியைவிடச் சிறியது. ஆயினும் அதன் மெதுவான நடை, பின்னால் வரும் அனைவரின் வேகத்தையும் குறைப்பதால், சாலையின் கொள்ளளவில் அது கூடுதல் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒரு வாகனம் சாலையில் அடைக்கும் இடம் அதன் உருவத்தை மட்டும் பொறுத்ததன்று என்பது இதனால் விளங்கும்.

அதே நெறிகள், சமவெளியில் இரு தடச் சாலைக்கு நாள் ஒன்றுக்கு 15,000 கார் அலகுகளையும், நடுத்திட்டுடன் கூடிய நான்கு தடச் சாலைக்கு 35,000 அலகுகளையும் தக்க அளவாக வகுத்துள்ளன. அகலம் இரு மடங்காகும்போது கொள்ளளவு இரு மடங்குக்கும் மேலாகிறது. இதற்குக் காரணம் எளிது. இரு தடச் சாலையில் முந்திச் செல்ல விரும்புபவர் எதிரே வரும் வாகனத்திற்காகக் காத்திருக்க வேண்டும். நான்கு தடச் சாலையில் அந்தத் தடை இல்லை. முந்துவதற்கென்றே வலப்பக்கத்தில் ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, கூடுதலாகக் கிடைக்கும் இந்த 5,000 அலகுகள் வலப்பக்கத் தடம் காலியாக இருக்கும் என்னும் நம்பிக்கையின் மீது கணக்கிடப்பட்டவை. மெதுவாகச் செல்லும் லாரி ஒன்று அத்தடத்தில் நிலையாக ஓடத் தொடங்கினால், அந்தக் கணக்கு பொய்யாகிவிடுகிறது.

தடங்களின் பணி

சாலை விதிகள் இதில் தெளிவாகவே உள்ளன. இந்தியாவில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்லவேண்டும். முந்துவது வலப்பக்கமாக இருக்கவேண்டும். திசைக்கு மூன்று தடங்கள் உள்ள விரைவுச்சாலையில், இடத் தடம் கனரக வாகனங்களுக்கும் மெதுவாகச் செல்வோருக்கும் உரியது. நடுத் தடம் கார் போன்ற இலகு வாகனங்களுக்கு உரியது. வலத் தடம் முந்துவதற்கு மட்டுமே உரியது. முந்தி முடித்தவர் மீண்டும் இடப்பக்கம் திரும்பிவிடவேண்டும். 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்கு மாற்றாக 2017இல் வெளியான மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும், குறிக்கப்பட்ட தடத்திற்குள் செல்லுதல், தடம் மாறுமுன் சைகை காட்டுதல் ஆகியவற்றை ஓட்டுநரின் கடமைகளாகக் கொள்கின்றன.

இந்த ஒழுங்கு மீறப்படும்போது நேரும் இழப்பு, நேரத்தோடு நின்றுவிடுவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. வலத் தடத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி 200 மீட்டர் முன்னால் இருந்தால், கார் அதனை 12 விநாடிகளில் எட்டிவிடும். 100 மீட்டர் முன்னால் விளக்கின்றி நிற்கும் லாரியையோ நான்கு விநாடிகளுக்குள் எட்டிவிடும். இரவில் இந்த நான்கு விநாடிகளே உயிருக்கும் மரணத்திற்கும் இடைப்பட்ட நேரம். 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேசிய நெடுஞ்சாலைகளில் நிகழ்ந்தவை. மோதலின் தன்மையைக் கொண்டு பார்த்தால், பின்னாலிருந்து மோதியதே அவ்வாண்டின் மிகப் பெரிய பிரிவு; ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள் அவ்வாறு நேர்ந்தவை. இவை அனைத்தும் தட ஒழுங்கின்மையால் விளைந்தவை என்று கூற இயலாது. எனினும், வெவ்வேறு வேகமுடைய வாகனங்களை ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவது இவ்வகை மோதலுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

பழைய பழக்கம், புதிய சாலை

லாரி ஓட்டுநர்கள் வலத் தடத்தில் செல்வதேன் என்று கேட்டால், அறியாமை என்றும் அலட்சியம் என்றும் விடை கூறுவோர் பலர். இந்த விடை நிர்வாகத்திற்கு வசதியானது; முழுமையானதன்று.

ஒற்றைத் தடச் சாலைகளும் இரு தடச் சாலைகளுமே பெரும்பான்மையாக இருந்த காலத்தில், சாலையின் ஓரங்கள் உடைந்தும் மண் சரிந்தும் கிடந்தன. ஆகவே லாரிகள் சாலையின் நடுவில் சென்றன. பின்னால் வருபவர் ஒலி எழுப்பியதும் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டன. லாரிகளின் பின்புறம் ஹார்ன் அடிக்குமாறு வேண்டி எழுதப்பட்ட வாசகம் இந்த ஏற்பாட்டின் சின்னமே. முன்னால் செல்பவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை. ஒலி கேட்டால் போதும். மகாராஷ்டிர அரசு 2015இல் அந்த வாசகத்திற்குத் தடை விதித்தது. வாசகத்தை அழிப்பது எளிது. அது பயிற்றுவித்த பழக்கத்தை அழிப்பது எளிதன்று. பல தடச் சாலையில் வழிவிடும் கடமை ஒலியைச் சார்ந்து நிற்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய தடத்தில் இருப்பதைச் சார்ந்து நிற்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இடத் தடத்தில் செல்லும் லாரி ஓட்டுநர் என்ன காண்கிறார்? பழுதாகி நிற்கும் வாகனம் ஒன்று. தேநீர்க் கடைக்கு எதிரே நிறுத்தப்பட்ட லாரிகள். பயணிகளை ஏற்ற நிற்கும் பேருந்து. கிராமத்துப் பாதையிலிருந்து திடீரென ஏறும் டிராக்டர். நடுத்திட்டின் திறப்பு வெகுதொலைவில் இருப்பதால் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள். மேலும், சாலைக்கு நேரும் சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கு விகிதத்தில் பெருகுகிறது என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொது விதி. சுமை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்காகும். கனரக வாகனங்களுக்கு உரிய இடத் தடமே முதலில் பள்ளம் விழுவது இதனால்தான். ஆகவே வலத் தடத்தைத் தேர்ந்துகொள்ளும் ஓட்டுநர், தம் அளவில் பகுத்தறிவோடுதான் நடந்துகொள்கிறார். அவருடைய பகுத்தறிவின் விலையை மற்றவர்கள் செலுத்துகின்றனர்.

இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. இடத் தடம் செல்லத்தக்கதாக இருந்தால்தான் வலத் தடம் விடுபடும். தட ஒழுங்கு என்பது ஓட்டுநர் மட்டும் கடைப்பிடிக்கவேண்டிய அறமன்று. நிர்வாகம் முதலில் நிறைவேற்றவேண்டிய பொறுப்பும் ஆகும்.

இணைதலின் இலக்கணம்

தடங்களில் செல்லும் ஒழுங்குக்கு அடுத்தது, தடங்கள் இணையுமிடத்தில் காட்டவேண்டிய ஒழுங்கு. இணைதல் இரு வகைப்படும். பக்கச் சாலையிலிருந்து முதன்மைச் சாலையில் ஏறுவது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் தடமே முடிந்து, பக்கத்துத் தடத்தோடு கலப்பது மற்றொன்று. இரண்டுக்கும் முறைகள் வேறு.

முதல் வகையில் முன்னுரிமை முதன்மைச் சாலையில் செல்பவருக்கே உரியது. ஏறுபவர் இணைப்புத் தடத்தில் வேகத்தைக் கூட்டி, முதன்மைச் சாலையின் வேகத்தோடு ஒப்பச் செய்து, சைகை விளக்கைப் போட்டு, கண்ணாடியிலும் பக்கவாட்டிலும் பார்த்து, தக்க இடைவெளியில் சேரவேண்டும். இணைப்புத் தடம் இருக்கும்போது அதன் முடிவில் நின்றுவிட்டு நிலையான நிலையிலிருந்து புறப்படுவது ஆபத்தானது. முதன்மைச் சாலையில் செல்பவருக்கும் கடமை உண்டு. வலப்பக்கம் இடமிருப்பின் சற்று விலகுதல், இல்லாவிடில் இடைவெளி விடுதல். ஏறுபவரைக் கண்டதும் வேகத்தைக் கூட்டி இடைவெளியை அடைப்பது முறையன்று.

இரண்டாம் வகையில், முடியும் தடத்தை இறுதிவரை பயன்படுத்தி, குறுகுமிடத்தில் ஒரு தடத்திலிருந்து ஒன்று, அடுத்த தடத்திலிருந்து ஒன்று என மாறி மாறிச் செல்வதே சிறந்தது. ஜிப்பின் பற்கள் ஒன்றோடொன்று கோப்பதை ஒத்தது இது. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இம்முறையை ஓட்டுநரின் கடமையாகவே விதித்துள்ளது. இதனால் குறுகிய இடத்தின் கொள்ளளவு பெருகிவிடாது. ஆனால் இருக்கும் கொள்ளளவு வீணாகாது. வரிசையின் நீளமும் குறையும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். இரண்டு விநாடிக்கு ஒரு வாகனம் வீதம் ஒரு தடத்தின் வழியே மணிக்கு 1,800 வாகனங்கள் கடக்கலாம். குறுகுமிடத்தில் நிமிடத்திற்கு ஒருமுறை இருவர் முண்டியடித்து, அதனால் நான்கு விநாடிகள் ஓட்டம் தடைப்படுவதாகக் கொள்வோம். நான்கு விநாடி என்பது இரு வாகனங்கள். ஒரு மணி நேரத்தில் 120 வாகனங்களுக்குரிய வழி அழிந்துபோகிறது. மணிக்கு 1,800 வாகனங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், மூன்று மணி நேரத்தில் 360 வாகனங்கள் தேங்கி நிற்கும். வரிசை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அதன் இறுதியில் வந்து சேர்பவர் சுமார் 13 நிமிடம் காத்திருக்க நேரிடும். முண்டியடித்தவர் பெற்ற ஆதாயமோ சில விநாடிகள்.

தனி ஒருவரின் ஆதாயத்திற்கும் சமூகத்தின் இழப்புக்கும் உள்ள இத்தகைய இடைவெளியைப் பொருளாதார அறிஞர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அங்கும் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றுள் ஒன்று சாலையே என்பது மாணவர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

இந்தியாவில் இணைதலின் இடர்ப்பாட்டை நன்கு காட்டிய இடம் மும்பை – புனே விரைவுச்சாலையின் கண்டாலா மலைப்பகுதி. 2002இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இச்சாலை 94.5 கிலோமீட்டர் நீளமும் ஆறு தடங்களும் உடையது. மலைப்பகுதியில் நான்கு தடங்கள் கொண்ட பழைய நெடுஞ்சாலையின் போக்குவரத்தும் இதே சாலையில் கலக்குமாறு அமைந்தது. பத்துத் தடங்களுக்குரிய வாகனங்கள் ஆறு தடங்களில் அடங்கவேண்டியதாயிற்று. அதுவும் சுமை ஏற்றிய லாரிகள் ஊர்ந்து ஏறும் மேட்டில். ஒரு லாரி மற்றொரு லாரியை மெல்ல முந்தத் தொடங்கினால் இரு தடங்கள் அடைபடும். மூன்றாவது லாரியும் வலத் தடத்திற்கு வந்துவிட்டால் சாலை முழுவதும் லாரியின் வேகத்திற்கு இறங்கிவிடும். விடுமுறை நாள்களில் மணிக்கணக்கில் வாகனங்கள் நின்றது இதன் விளைவே. இந்நெருக்கடியைத் தீர்க்க, சுரங்கப் பாதைகளும் உயர்பாலங்களும் கொண்ட 13.3 கிலோமீட்டர் இணைப்புச் சாலைத் திட்டம் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் மேற்கொள்ளப்பட்டது. அத்திட்டம் தேவையற்றது என்பது இங்குக் கருத்தன்று. பொறியியல் தீர்வுக்கு இவ்வளவு பொருட்செலவும் பல ஆண்டுகளும் வேண்டியிருக்கையில், இடைப்பட்ட காலம் முழுவதும் மக்களின் கையில் இருந்த தீர்வு ஒழுங்கு ஒன்றே என்பதுதான் கருத்து.

மற்றோர் எடுத்துக்காட்டு எல்லா நெடுஞ்சாலைகளிலும் காணக்கூடியது, அது சுங்கச்சாவடி. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டே, நெரிசல் மிகுந்த வேளையிலும் ஒரு வாகனத்திற்குப் பத்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது; வரிசை 100 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் நெறி வகுத்தது. சாவடிக்கு முன்னுள்ள காத்திருப்பு குறைந்தது. ஆனால் சாவடியைக் கடந்தவுடன், பல வாயில்களிலிருந்து ஒரே நேரத்தில் வெளிப்படும் வாகனங்கள் இரண்டு அல்லது மூன்று தடங்களுக்குள் நுழைய முயல்கின்றன. முன்னால் மிச்சப்படுத்திய நேரத்தைப் பின்னால் இழப்பதும், பக்கவாட்டில் உரசிக்கொள்வதும் அங்கு நிகழ்கின்றன. தடங்கள் படிப்படியாகக் குறைவதை உணர்த்தும் கோடுகளும், 'ஒன்றன்பின் ஒன்றாக' என்னும் அறிவிப்பும் வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

நகரச் சாலைகளின் தனி நிலை

நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் விதியை அப்படியே நகரத் தெருவுக்கும் பொருத்த இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டில் பதிவான வாகனங்களில் நான்கில் மூன்று பங்கு இருசக்கர வாகனங்கள். மூன்றரை மீட்டர் அகலமுள்ள தடத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அருகருகே செல்வதால் சாலையின் கொள்ளளவு வீணாகாமல் பயன்படுகிறது. மெதுவாக ஊரும் போக்குவரத்தில் இதனைக் குற்றமெனக் கொள்ளுவது பொருந்தாது. ஆனால் வேகம் கூடுந்தோறும் இந்த நெகிழ்வு ஆபத்தாகிறது. 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஒரு லாரிக்கும் நடுத்திட்டுக்கும் இடையே நுழைபவரை லாரி ஓட்டுநர் காண இயலாமல் போகலாம் என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்படவேண்டும்.

தில்லியில் 2022 ஏப்ரல் 1 முதல் பேருந்துகளும் சரக்கு வாகனங்களும் இடப்பக்கத் தடத்திலேயே செல்லவேண்டும் என்னும் நடைமுறை தேர்ந்தெடுத்த சாலைகளில் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டது. பேருந்து ஓட்டுநருக்கு விதிக்கப்படும் தண்டனை நியாயமாக அமைய, அதே தடத்தில் கார்களை நிறுத்துவோர் அகற்றப்படுவதும் உடன் நிகழவேண்டும்.

சட்டமும் நிர்வாகமும்

சட்டத்தில் குறைவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறுவோருக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்திற்கு மாறாக முந்துவதும் போக்குவரத்தின் திசைக்கு எதிராகச் செல்வதும், ஆபத்து விளைவிக்கும் வகையில் அமையும்போது, சிறைத் தண்டனைக்கோ 5,000 ரூபாய் வரை அபராதத்திற்கோ உரியவை. ஆம்புலன்ஸ் முதலான அவசர ஊர்திகளுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. பழுதாகி வழியை மறிக்கும் வாகனத்தை அகற்றவும் சட்டத்தில் இடமுண்டு.

குறை இருப்பது வேறு இடத்தில். உரிமம் பெறுவோர் முந்துதல், முந்த இடங்கொடுத்தல், தக்க சைகை காட்டுதல் ஆகியவற்றில் தேர்ச்சி காட்டவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. ஆயினும் சிறு திடலில் எட்டு வடிவில் ஓட்டிக் காட்டுபவரிடம், வேகமான சாலையில் இணையும் திறனை எவ்வாறு அளக்க முடியும்? அதிகாரிகள் கருதிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.

ஆகவே மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் மேற்கொள்ளவேண்டியவற்றை ஒரு வரிசையில் கொள்வது நல்லது. முதலாவது, இடத் தடத்தில் நிற்கும் வாகனங்களை விரைந்து அகற்றுதல். இரவில் இதற்கு முதலிடம் தருதல். இரண்டாவது, லாரிகள் நிற்பதற்கு விலகு இடங்களும், கிராம மக்கள் செல்வதற்கு அணுகு சாலைகளும் அமைத்தல். அவை உள்ள இடங்களில் ஆக்கிரமிப்பின்றிக் காத்தல். மூன்றாவது, இடத் தடத்தின் பள்ளங்களை முதலில் சீர்செய்தலும் அழிந்த கோடுகளைப் புதுப்பித்தலும். நான்காவது, லாரி ஓட்டுநர்களுக்கு அவர்கள் மொழியில், அவர்கள் கூடும் இடங்களில் விளக்கம் அளித்தல். அபராதம் ஐந்தாவதாக வரவேண்டும். வரிசை தலைகீழானால், செல்லத்தகாத தடத்தில் செல்லவில்லை என்பதற்காக ஓட்டுநரைத் தண்டிப்பதாக முடியும். அத்தகைய தண்டனைக்கு மக்களிடம் மதிப்பு இராது.

சாலை விபத்துகளால் நாட்டுக்கு நேரும் இழப்பு, 1999 – 2000ஆம் ஆண்டுக்குத் திட்டக்குழு செய்த மதிப்பீட்டின்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 சதவீதம். ஒரு புதிய தடம் அமைக்க ஆண்டுகள் ஆகும். அமைந்துள்ள தடத்தை மீட்க அவ்வளவு காலம் தேவையில்லை. நாளை ஒரு மாவட்டத்தின் பொறுப்பை ஏற்கவிருக்கும் அலுவலர், தம் எல்லைக்குள் செல்லும் நெடுஞ்சாலையில் ஓர் இரவு இடத் தடத்திலேயே லாரியின் வேகத்தில் பயணம் செய்து பார்ப்பாராக. எதனை முதலில் செய்யவேண்டும் என்பதை அந்தப் பயணமே அவருக்குக் கூறிவிடும்.